பதினோரு மணி வெயில்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
பிப்ரவரி 22

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த போட்டோவைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். பேத்தியின் மூக்கு அப்படியே உங்கள் அப்பாவின் மூக்கு. மஞ்சக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் நம் இரண்டு பேரையும் நிறுத்திவைத்துப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பாரே, அதே மூக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன். ஆனாலும் நீ கையால் எழுதித் தபால் தலை ஒட்டி அனுப்பியதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. தபால்காரர் ஏதோ கோர்ட் நோட்டீஸைக் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நீட்டினார்.

சரி, பஞ்சாயத்துக்கு வருகிறேன். அங்கே இங்கிலாந்தில் மூன்று மாதக் குழந்தைக்குத் தினமும் வைட்டமின் டி சொட்டு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், நித்யாவும் கொடுக்கிறாள், உனக்குப் பிடிக்கவில்லை. “நம்ம ஊரில் எந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் கொடுத்தோம்? எண்ணெய் தேய்த்து வெயிலில் காட்டினால் போதாதா?” என்று ஜன்னலோரம் மெத்தையைப் போட்டுக் குழந்தையைக் கிடத்தியிருக்கிறாய். அம்மாவும் பெண்ணும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. ‘நீயே நியாயம் சொல்லு கலா’ என்கிறாய். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நித்யா செய்வதுதான் சரி. கோபப்படாமல் மேலே படி. இந்த விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

உனக்கு இதுவரை சொல்லாத கதை. போன மார்கழிக்கு முந்தின மார்கழி. வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டு முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. வலி என்றுகூடச் சொல்ல மாட்டேன். தொடையில் பலமே இல்லை. பக்கத்து வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, கோலப்பொடிக் கையோடு தொங்கி எழுந்தேன். பால்காரப் பையன் பார்த்துவிட்டான், அதுதான் பெரிய அவமானம். யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே அறிகுறிகள் இருந்திருக்கின்றன. திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் மேம்பாலப் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து என்னை நானே இழுத்துக்கொண்டு ஏறினேன். இடுப்பிலும் விலாவிலும் எப்போதும் ஒரு மந்தமான வலி. வயசாகிறது, மாதவிடாய் நின்ற பிறகு இப்படித்தான், முப்பத்துநாலு வருஷம் பேங்க் நாற்காலியில் உட்கார்ந்த பலன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இவர் பிடிவாதமாக ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். சின்ன வயசுப் பெண். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னாள். முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உயிர் போய்விட்டது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம். இருபதுக்குக் கீழே போனாலே குறைபாடு என்று வைத்திருக்கிறார்கள். நான் அதில் பாதிகூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாண்டிச்சேரியில் இருக்கிறேன். வருஷத்தில் பத்து மாதம் மண்டை பிளக்கிற வெயில். ஆறு வருஷமாக ஒரு நாள் விடாமல் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். அதை அந்தப் பெண்ணிடமே சொன்னேன். “எத்தனை மணிக்கு நடப்பீங்கம்மா?” என்று கேட்டாள். ஐந்தரைக்கு ஆரம்பித்து, தலைமைச் செயலகத்துக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவே மூன்று சுற்று, ஏழு மணிக்குள் வீடு. ஏழரைக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகளை விட்டுவிடுவார்கள், அதற்குள் கிளம்பிவிட வேண்டும் அல்லவா? “நடை நல்லது, விட்டுடாதீங்க. ஆனா அந்த வெயில்ல வைட்டமின் டி கிடையாது” என்றாள்.

ராஜி, ‘இளவெயில் உடம்புக்கு நல்லது’ என்று எத்தனை பேர் நமக்குச் சொல்லியிருப்பார்கள்? நம் தோலில் கொழுப்பைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. அதன்மேல் புற ஊதாக் கதிர்களில் ‘பி’ என்கிற வகை பட்டால்தான் அது வைட்டமின் டி ஆக மாறும். காலையில் சூரியன் சாய்வாக இருக்கும்போது வெளிச்சம் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. அந்தக் கதிர்களையெல்லாம் வழியிலேயே ஓசோன் வடிகட்டிவிடுகிறது. கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், தோலுக்குச் சரக்கு வராது. இதற்கு டாக்டர் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது: வெயிலில் நின்று உன் நிழலைப் பார். நிழல் உன்னைவிட நீளமாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. உன்னைவிடக் குட்டையாக இருந்தால் அதுதான் நேரம். நம் ஊரில் அது ஏறக்குறைய பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. அதாவது, நாம் பிறந்ததிலிருந்து யாருக்குப் பயந்து ஓடினோமோ அந்த வெயில்.

அம்மா ஞாபகம் வருகிறது. “வெயில்ல சுத்தாதடி, கறுத்துப் போயிடுவ, எவன் கட்டுவான்” என்று காது புளிக்கச் சொன்னவள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தது அதற்குத்தானே? பிறகு வேலை. முழங்கை வரை கையுறை, துப்பட்டாவை முகத்தில் சுற்றிக் கண் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கட்டு, அப்படியே ஸ்கூட்டியில் போய் நேரு வீதியில் இறங்கினால் சாயங்காலம்வரை டியூப்லைட். கொள்ளைக்காரி மாதிரி பேங்குக்குள் நுழைவேன் என்று இவர் கேலி செய்வார். அப்படி ஒளிந்தும் சிவப்பாகவா ஆனேன்? ஆனால் அம்மா என்ன செய்தாள், யோசித்துப் பார். சித்திரை வைகாசியில் உச்சி வெயிலில் மாடியில் வத்தல் பிழிவாள். தாளிப்பு வடகத்துக்குச் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, தினமும் காயவைத்து, சாயங்காலம் திரும்ப உருட்டி, பத்து நாள் அதோடு மல்லுக்கட்டுவாள். காக்காய் ஓட்ட முக்காட்டோடு உட்கார்ந்திருப்பாள், முழங்கை வரை வெயில். எண்பத்திரண்டு வயசுவரை சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தாள். எங்களை நிழலில் வைத்துவிட்டு வெயிலை அவள் எடுத்துக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நாங்கள் அதைக் கஷ்டம் என்றுதான் நினைத்தோம். கஷ்டமும்தான்.

உடம்புக்குள் இது என்ன வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னதை நான் பேங்க் பாஷையில்தான் புரிந்துகொண்டேன். தோலில் உருவானதோ சாப்பாட்டில் வந்ததோ, ஈரலுக்குப் போய் ஒருமுறை மாறி, சிறுநீரகத்தில் இன்னொருமுறை மாறின பிறகுதான் அது வேலைக்கு வரும். குடலில் கால்சியத்தை உள்ளே வாங்கிக்கொள்வதுதான் அதன் முக்கியமான வேலை. டி போதுமான அளவு இருந்தால் சாப்பிடுகிற கால்சியத்தில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு உள்ளே போகும். இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து பங்கோடு சரி. நான் தினமும் இரண்டு டம்ளர் பால், ராகிக் கஞ்சி, முருங்கைக்கீரை என்று வரவு வைத்துக்கொண்டே இருந்தேன். கவுண்டரில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ரத்தத்தில் கால்சியம் குறையவே கூடாது. குறைந்தால் இதயமும் நரம்பும் ஒழுங்காக ஓடாது. அதனால் கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்துச் செலவு செய்யும். வருமானம் இல்லாத வீட்டில் எஃப்.டி.யை ஒவ்வொன்றாக உடைப்பதுபோல. குழந்தைகளுக்கு இப்படி ஆனால் கால் வளைகிறது, ரிக்கெட்ஸ் என்கிறார்கள். நம்மைப்போல வளர்ந்தவர்களுக்கு எலும்பு மென்மையாகி வலிக்கும், தசை பலம் இழக்கும். இடுப்பையும் தொடையையும் சுற்றின பெரிய தசைகளைத்தான் முதலில் பிடிக்குமாம். கோலத்தில் நான் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

இப்போது உன் ஜன்னலுக்கு வருகிறேன். ஜன்னல் கண்ணாடி அந்த ‘பி’ கதிரை உள்ளே விடாது. சூடு வரும், வெளிச்சம் வரும், அது மட்டும் வராது. கண்ணாடியைத் திறந்துவைத்தாலும் லீட்ஸில் இப்போது பயன் இல்லை. நாம் பன்னிரண்டு டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம், நீ இருக்கிற ஊர் ஐம்பத்துமூன்றையும் தாண்டி. அங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை சூரியன் அவ்வளவு தாழ்வாகப் போகிறது, நட்ட நடுப்பகலில்கூட உன் நிழல் உன்னைவிட நீளம்தான். நாளைக்கு வெளியே போனால் நீயே பார். அதனால்தான் அந்த நாட்டு அரசாங்கம் எல்லாரும் அந்த மாதங்களில் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது என்கிறது. நம்மைப்போலக் கறுத்த தோல்காரர்களுக்கு வருஷம் முழுக்க. தோலில் இருக்கிற கறுப்பு ஒரு குடை மாதிரி, நம் வெயிலுக்காக ஏற்பட்டது. அந்தக் குடையை மழைக்காலத்து ஊருக்கு எடுத்துப்போயிருக்கிறோம். ஆகவே ராஜி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நித்யாவிடம் கேட்டு நீயும் ஒன்று வாங்கிக்கொள்.

தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். எல்லாம் இருக்கிறது, இது மட்டும் ரொம்பக் கொஞ்சம். அதில் நித்யாவின் குறை ஒன்றும் இல்லை, எல்லாத் தாய்மாருக்கும் அப்படித்தான். பாட்டில் பால் மாவில் சேர்த்தே வருவதால் அதை நிறையக் குடிக்கிற குழந்தைகளுக்குச் சொட்டு வேண்டாம் என்பார்கள், தாய்ப்பால் குழந்தைக்குக் கட்டாயம் வேண்டும். இது வெள்ளைக்காரன் வழக்கமும் இல்லை. இங்கேயும் குழந்தை டாக்டர்கள் முதல் வருஷம் முழுக்கத் தினம் 400 யூனிட் கொடுக்கச் சொல்கிறார்கள். 400 யூனிட்டும் 10 மைக்ரோகிராமும் ஒன்றேதான். என் தங்கை பேரனுக்குக் கொடுத்தார்கள். எண்ணெய்க் குளியலை நீ விட வேண்டாம். அது வேறு சுகம்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வைட்டமினையே உன்னைப் பனியில் உட்காரவைத்த அந்த நாட்டுப் பக்கத்துக் குழந்தைகளால்தான் கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலைப் புகை மூடின ஊர்களில் வெயில் காணாத பிள்ளைகள் கால் வளைந்து திரிந்தார்கள். 1919 வாக்கில் இங்கிலாந்தில் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவழைத்து, காட் மீனின் ஈரல் எண்ணெயால் அதைத் தடுக்கலாம் என்று காட்டினார். அதே சமயம் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர் பாதரச விளக்கின் ஒளியிலேயே பிள்ளைகளின் எலும்பைச் சரியாக்கினார். எண்ணெயும் வெளிச்சமும் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்றால் ஆச்சரியமாக இல்லையா? 1922-இல் அமெரிக்காவில் மெக்கல்லம் அதைத் தனியாக இனம் கண்டார். ஏ, பி, சி ஏற்கெனவே போய்விட்டதால் டி என்று பெயர். நம் சின்ன வயசில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கின மீன் எண்ணெய் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். நீ அதை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடுவாய். ஜன்னலுக்கும் உனக்கும் அப்போதிலிருந்தே ஒரு கணக்கு.

எனக்கு வாரத்துக்கு ஒரு மாத்திரை, 60,000 யூனிட், எட்டு வாரம் கொடுத்தார்கள். கேட்க மலைப்பாக இருக்கிறதே தவிர எடையில் ஒன்றரை மில்லிகிராம், ஒரு கடுகின் எடைகூட வராது. கொழுப்பில் கரைகிற பொருள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதக் கடைசியில், அடுக்களையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டு ஏதோ யோசனையில் சட்டென்று எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்ததே தெரிந்தது. திரும்ப உட்கார்ந்து திரும்ப எழுந்து பார்த்தேன். மூன்று மாதத்தில் அளவு 31. இப்போது மாதம் ஒன்றுதான்.

ஆனால் இதைச் சொன்னதும் பூரித்துப்போய்க் கண்டபடி முழுங்கிவிடாதே. எங்கள் கிளையில் கேஷியராக இருந்த ஒருவர், நல்ல மனுஷர், இதே 60,000 யூனிட்டைத் தினமும் ஒன்றாக ஒன்றரை மாதம் சாப்பிட்டுவிட்டார். சீட்டில் வாரம் ஒன்று என்றுதான் இருந்திருக்கிறது. மருந்துக் கடையில் கவர்மேல் தினம் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாந்தி, ஓயாத தாகம், மலச்சிக்கல், அப்புறம் பேச்சே தடுமாற ஆரம்பித்தது. வீட்டில் பக்கவாதம் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பார்த்தால் ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கம், சிறுநீரகம் திணறிக்கொண்டிருக்கிறது. பத்து நாள் ஆஸ்பத்திரி. வெயிலால் இப்படி ஆகாது. அளவுக்கு மேல் போனால் தோலே அதை அழித்துவிடும். மாத்திரைக்கு அந்த விவேகம் கிடையாது. உன் சொட்டு விஷயத்திலும் இதைத்தான் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு கம்பெனிச் சொட்டிலும் அளவு வேறு வேறாக இருக்கும். சிலதில் ஒரே சொட்டில் 400 யூனிட், சிலதில் ஒரு மில்லிலிட்டர் முழுக்க. பாட்டில் மாறினால் லேபிளைத் திரும்பப் படியுங்கள்.

இன்னொன்று. இங்கே இப்போது யாருக்கு எது வந்தாலும் “டி பாத்தியா?” என்கிறார்கள். முடி கொட்டினால் டி, தூக்கம் வராவிட்டால் டி, சர்க்கரைக்கு டி, மருமகள் சரியாகப் பேசாவிட்டாலும் டி என்பார்கள் போல. என் பெண் ஒரு பெரிய ஆய்வைப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் 25,871 பேர், பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்து 2018-இல் முடிவு சொன்னார்கள்: புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை. 2022-இல் எலும்பு முறிவும் குறையவில்லை என்றார்கள். அவர்கள் எல்லாம் குறைபாட்டுக்காகத் தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லை, பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள். ஆஸ்திரேலியாவில் வயசான பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்ததில், விழுவதும் எலும்பு உடைவதும் கூடத்தான் செய்தது. அதாவது பள்ளத்தில் இருக்கிறவளை மேட்டுக்கு ஏற்றிவிடும், மேட்டில் இருக்கிறவளை மலைக்கு ஏற்றாது. என் முட்டி தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் டி போதும் என்று நம்பி நான் ஆறு மாதம் வீணாக்கினேன்.

இப்போதெல்லாம் பதினோரு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். தலையில் துண்டு, முகத்துக்கு நிழல், கையும் காலும் வெயிலில். இருபது நிமிஷம். நம் நிறத்துக்கும் வயசுக்கும் கொஞ்சம் கூடவே ஆகுமாம், வயசாக ஆகத் தோலும் முன்னைப்போல உற்பத்தி செய்யாது. அக்கினி நட்சத்திரத்தில் இது வேண்டாம், அப்போது நிழல் சீக்கிரமே குட்டையாகிவிடும், பத்து மணிக்குள் முடித்துக்கொள்வேன். சாப்பாட்டில் மத்தியும் கானாங்கெளுத்தியும் சேர்ந்திருக்கின்றன. தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிற அம்மா ஒருத்தி தெருவில் கூவி விற்கிறாள். “மத்தி ஏழைங்க மீனுன்னு வாங்க மாட்டீங்களே, இப்ப என்னா?” என்று கேட்டாள். டாக்டர் சொன்னார் என்றேன். “எனக்கு எந்த டாக்டரும் சொல்லல” என்று கூடையை இறக்கினாள். அவள் கையைப் பார்த்தேன். முழங்கை வரை அம்மாவின் நிறம்.

கடலூர்ச் செய்தி: உங்கள் வீட்டுத் தெருவில் புதிதாக மூன்று மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. உங்கள் திண்ணைக்கு இனிமேல் காலை வெயில் வராது. பரவாயில்லை, அதில் ஒன்றும் இல்லை என்றுதான் இப்போது தெரிந்துவிட்டதே. கெடிலத்தில் இந்த வருஷம் தண்ணீர் ஓடுகிறது. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போகலாம் என்றிருக்கிறேன், மயிலம் முருகன் வருவார். நட்ட நடு வெயிலில் கூட்டத்தோடு நிற்பதற்கு இந்தத் தடவை இவரிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

நித்யாவிடம் முதலில் நீ பேசு. ஒரு நாள் சொட்டு மறந்துபோனால் மறுநாள் இரண்டு பங்கு கொடுக்க வேண்டாம், அப்படியே தொடருங்கள். ஏப்ரல் வந்ததும் ஒரு மத்தியானம் வெளியே போய் உன் நிழல் எவ்வளவு என்று அளந்து எழுது. கூழ்வத்தல் போட்டிருக்கிறேன், காய்ந்ததும் அனுப்புகிறேன்.

உன்,
கலா